கல்லிகாவில் பியர் பெரேனைப் படிக்க: தேடுபொறி முரண்டு பிடிக்கும், சரக்கு முதல் தரம்

பிரான்சின் தேசிய நூலகம் 1997 முதல் நடத்திவரும் இலவச இணைய நூலகம் கல்லிகா. பிரெஞ்சு ஓபராவுக்கு (முழுக்கப் பாட்டாகவே நடக்கும் இசை நாடகம்) முதன்முதலில் வரி எழுதிக் கொடுத்த பியர் பெரேனை (1675-இல் இறந்தவர்) படிக்க, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நம் பிரெஞ்சுத் தீவு ரெயூனியோனிலிருந்து பாரிசுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. இங்கே பள்ளிக்கூடமே பிரெஞ்சில்தான் என்பதால் மொழி நமக்குத் தடையில்லை. பழைய அச்செழுத்துதான் மல்லுக்கு நிற்கும்.

பெரேன் என்று மட்டும் தட்டினால் அதே குடும்பப் பெயர்க்காரர்கள் அத்தனை பேரும் வந்து குவிவார்கள். விரிவான தேடலுக்குப் போய், ஆசிரியர் கட்டத்தில் முழுப்பெயரையும் காலக் கட்டத்தில் 1640–1680 என்றும் கொடுங்கள். ஆவண வகையை ஒருமுறை நூல் என்றும் மறுமுறை இசைச்சுவடி என்றும் மாற்றித் தேடினால்தான் இரண்டும் கிடைக்கும்.

முதலில் திறக்க வேண்டியது 1661-இன் கவிதைத் தொகுதி. தலைப்புப் பக்கமே மளிகைச் சீட்டு மாதிரி நீளும்: காதல் கவிதை, அரசவைப் பாட்டு, குடிப்பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு, மோத்தே என்னும் தேவாலயப் பாட்டு, இவற்றோடு 'இசையில் ஒரு கொமெதி', அதாவது நாடகம். அந்தக் கொமெதிதான் 1659-இல் இசையமைப்பாளர் காம்பேரின் இசையோடு, பாரிசுக்குப் பக்கத்து இஸ்ஸியில் அரங்கேறியது. அட்டையில் ஓபரா என்ற சொல்லே இல்லை. இத்தாலியின் டுரின் நகரப் பேராயருக்குப் பெரேன் எழுதிய கடிதமும் உள்ளே இருக்கிறது. இழுத்துக்கொண்டே போகும் இத்தாலியப் பாட்டுவசனத்தையும் விதையடித்த பாடகர்களையும் அதில் விளாசுகிறார். தொகுதியில் எதைத் தள்ளினாலும் இதைத் தள்ளாதீர்கள்.

பக்கத்தின் படத்தைக் கணினி தானே படித்து எழுத்தாக்கித் தரும் எழுத்துவடிவப் பார்வையை நம்பவே கூடாது. அந்தக் கால அச்சில் நீள 'எஸ்' கிட்டத்தட்ட 'எஃப்' மாதிரியே இருக்கும். கணினியும் அப்படியே படித்து வைக்கும். 'யு'வும் 'வி'யும் இடம் மாறி நிற்கும். நூலுக்குள் ஒரு சொல் அகப்படவில்லையென்றால், 'எஸ்' வரும் இடத்தில் 'எஃப்' போட்டுத் தேடிப் பாருங்கள், பாதி நேரம் மாட்டும். எத்தனை சதவீதம் சரியாகப் படித்தது என்ற மதிப்பீட்டைப் பக்கத்தின் தலையிலேயே போட்டுவிடுகிறார்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

அடுத்தது பெரேன் வரி எழுதி, காம்பேர் இசையமைத்த ஓபரா 'பொமோன்', 5 அங்கம். 1671 மார்ச் 3-இல் திரை விலகி, 146 முறை ஆடியதாகச் சொல்வார்கள். வசூல் கூட்டாளிகளான சூர்தெயாக், ஷாம்பெரோன் கைக்குப் போனது. வரி எழுதியவர் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1669-இல் மன்னர் 14-ஆம் லூயி அவருக்கு 12 ஆண்டுக்குக் கொடுத்த ஓபரா நடத்தும் உரிமையை, 1672-இல் சிறையிலிருந்தவரிடமிருந்தே இசையமைப்பாளர் லுல்லி வாங்கிக்கொண்டார். வரிகள் அருவருப்பு என்று அக்கால எழுத்தாளர் சேந்த்-எவ்ர்மோன் நக்கலடித்தது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனசுக்குள் படித்தால் அவர் சொன்னது சரி என்றுதான் தோன்றும். நம் ஊர் நார்ல்கோன் (அதாவது நாடகம்; பால் தமூல் என்றாலும் இதுதான், அந்தப் 'பால்' கறக்கிற பால் அல்ல, ஆட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்) பாட்டை, அதைப் பாடி நடத்தும் வாத்தியார் இல்லாமல் வெறும் வரியாகப் படித்தாலும் சப்பென்றுதான் இருக்கும். குட்டையும் நெட்டையுமான அடிகளைத் தாளம் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எழுதியவர் பாடகரின் மூச்சை அளந்திருப்பது தெரியும்.

பிடிஎஃப் இறக்கும்போது ஒரு சிக்கல்: முன்னால் சட்ட அறிவிப்புப் பக்கங்கள் சேர்ந்துவிடும், எண்ணிக்கை தள்ளிப்போகும். திரையில் காட்டும் 'வ்யூ' எண் (ஒவ்வொரு படத்துக்கும் தரும் வரிசை எண்) வேறு, நூலில் அச்சான பக்க எண் வேறு. மேற்கோள் குறிக்கும்போது இரண்டையும் எழுதி வையுங்கள். சொந்தப் படிப்புக்குக் காசு கிடையாது; அச்சடித்து விற்பதென்றால் உரிமக் கட்டணம் உண்டு.

5-க்கு 4 கொடுக்கலாம். ஒரு குறையை மட்டும் கல்லிகாவின் கணக்கில் எழுதக் கூடாது: 'பொமோன்' இசை இரண்டாம் அங்கத்தின் நடுவிலேயே அறுந்துவிடும். இறக்கம் பாதியில் நின்றது என்று மறுபடி சொடுக்காதீர்கள். உலகத்தில் மிஞ்சியதே அவ்வளவுதான்.