ஈயச் சிப்பாய்கள் ஏறுவதற்கு ஒரு நீராவிக் கப்பல்

பொம்மைச் சிப்பாய்களைச் சேர்ப்பவர்களின் அலமாரியில் குதிரையும் பீரங்கியும் கூடாரமும் கோட்டையும் இருக்கும். கப்பல் மட்டும் அரிதாகவே இருக்கும். அளவுதான் காரணம். 1893-இல் இலண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே கூடான ஈய வார்ப்பில் சிப்பாய்களைச் செய்யத் தொடங்கியபின் நிலைபெற்றுவிட்ட 54 மில்லிமீட்டர் உயரம், ஏறத்தாழ 1:32 என்ற விகிதமாகிறது. அந்த விகிதத்தில் 300 அடி நீளமுள்ள ஆற்றுக் கப்பல் ஒன்றைச் செய்ய முனைந்தால், அது 2.9 மீட்டர் நீளத்துக்குப் போய்விடும். அதை வைப்பதற்கு வீட்டில் தனி அறையே வேண்டும்.

பழைய பொம்மை உற்பத்தியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில் கோப்பிங்கன் நகரத்து மார்க்லினும் நூரம்பர்க் நகரத்து பிங்கும் தகரத்தில் செய்த கப்பல்களைப் பார்த்தால், உண்மைக் கப்பலின் விகிதத்தைவிட நீளம் வெகுவாகச் சுருக்கப்பட்டிருப்பதும், புகைபோக்கிகளும் பீரங்கிகளும் வேண்டுமென்றே பெரிதாக்கப்பட்டிருப்பதும் தெரியும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் அவை பிழையானவை. கண்ணுக்கோ, கப்பல் என்ற எண்ணத்தை முழுமையாகத் தருபவை. துண்டுகளாக வாங்கி நாமே கட்டும் கப்பல் தொகுப்பு ஒன்றை நான் கட்டி முடித்திருக்கிறேன். அது அந்த மரபைப் பின்பற்றி, ஒட்டுப்பலகையில் வெட்டித் தரப்படும் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல். சிறு பட்டறை ஒன்றின் தயாரிப்பு இது. கீழே சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வகைத் தொகுப்பு எதை வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் இவையாகவே இருக்கும்.

போர்க்கப்பலை விட்டு ஆற்றுக் கப்பலைத் தேர்ந்தெடுத்ததற்கு என் சேகரிப்பே காரணம். பிரிட்டன்ஸ் வெளியிட்ட இந்தியப் படை வரிசையில் தலைப்பாகையும் சிவப்புச் சட்டையும் அணிந்த மதராஸ் காலாட்படை உண்டு. அந்த அணி ஒன்று நெடுநாளாக என்னிடம் வெறுமனே வரிசையில் நின்றுகொண்டிருந்தது. மதராஸ் படைப்பிரிவுகள் உண்மையாகவே ஆற்றுக் கப்பல்களில் ஏறிப் போருக்குப் போயிருக்கின்றன. 1885 நவம்பரில் பிரிட்டிஷாருக்கும் பர்மிய அரசுக்கும் இடையே மூன்றாம் பர்மியப் போர் தொடங்கியபோது, ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் நீராவிக் கப்பல்களும் அவற்றின் பக்கவாட்டில் பிணைக்கப்பட்ட தட்டையான சரக்குப் படகுகளும் தயெட்மியோவிலிருந்து படைகளை ஏற்றிக்கொண்டு ஐராவதி ஆற்றில் மேலேறின. 17-ஆம் தேதி மின்லா கோட்டை வீழ்ந்தது, 28-ஆம் தேதி படை பர்மியத் தலைநகர் மாந்தளையை அடைந்தது. பர்மாவின் திபோ மன்னரையும் அரசியையும் ஆற்றின் வழியே இரங்கூனுக்குக் கொண்டுபோனதும், பிறகு சென்னைக்கும் அங்கிருந்து இரத்தினகிரிக்கும் அனுப்பியதும் கப்பலில்தான். வெற்றிக் கதையாக நான் இதைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஓர் அரசு இரண்டு வாரங்களில் முடிந்துபோனதற்கு இந்தத் தட்டையடிக் கப்பல்கள் எவ்வளவு பெரிய காரணமாக இருந்தன என்பதை, ஒரு கப்பலைப் பக்கத்தில் வைத்த பிறகே என்னால் உணர முடிந்தது.

தொகுப்பின் கப்பல் 74 சென்டிமீட்டர் நீளமும், சக்கரக் கூடுகளைச் சேர்த்து 24 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. நீர்மட்டத்தோடு வெட்டப்பட்ட தட்டையான அடி என்பதால் தாங்கி இல்லாமலே அலமாரியில் உட்காரும். துண்டுகள் லேசரால் வெட்டப்பட்டு, மெல்லிய இணைப்புகளில் பலகையோடே நிற்கின்றன. கூர்மையான கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும், கையால் முறித்தால் மேலடுக்கு பிய்ந்துவிடும். குறுக்குச் சட்டங்கள் அடிப்பலகையின் பள்ளங்களில் கச்சிதமாக இறங்குகின்றன. முதல் நாள் மாலைக்குள் எலும்புக்கூடு நின்றுவிட்டது.

அதன் பிறகு வேகம் குறைந்தது. அணியத்தின், அதாவது கப்பல் முன்முனையின், வளைவுக்குப் பக்கப்பலகையை வளைப்பதுதான் இந்தத் தொகுப்பின் உண்மையான சோதனை. தண்ணீரில் ஊறவைத்து வளைக்கும்படி குறிப்பேடு சொல்கிறது. எவ்வளவு நேரம் என்றோ, பலகையின் மேலிழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்றோ சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த இரண்டு பலகைகளில் ஒன்றின் இழை வளைவுக்கு எதிராக ஓடியதால், அது சட்டத்தின் மேலேயே விரிசல் விட்டது. அதற்கு மாற்றாக மெல்லிய தக்கைமரப் பலகையை வெட்டி, வெந்நீரில் நனைத்து, ஒரு கண்ணாடிப் புட்டியைச் சுற்றித் துணியால் கட்டி இரவு முழுதும் உலரவிட்ட பிறகே வடிவம் வந்தது. இழைத் திசையைப் பட்டறையே கவனித்து வெட்டியிருக்க வேண்டும். அமரத்தின், அதாவது பின்முனையின், வளைவு பல அடுக்குகளை ஒட்டித் தேய்ப்பதாக அமைந்திருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை.

துடுப்புச் சக்கரங்களைப் பற்றி எத்தனை சொன்னாலும் தகும். ஒவ்வொரு சக்கரமும் இரண்டு வட்டச் சட்டங்கள், பன்னிரண்டு துடுப்புகள், பித்தளை அச்சு ஆகியவற்றால் ஆனது. பொறுமையாகச் சேர்த்தால் விரல் பட்டவுடன் சுழலும். கூட்டின் முகப்பில் விசிறிபோல் விரியும் வெட்டு வேலைப்பாட்டின் வழியே அந்தச் சுழற்சி தெரிவது மிக அழகு. பழைய தகரக் கப்பல்களின் உயிர் அசைவில்தான் இருந்தது என்பதை வடிவமைத்தவர் புரிந்துகொண்டிருக்கிறார்.

வண்ணத்துக்கும் அதே புரிதல் வேண்டும். அழுக்கும் துருவும் தீட்டி உண்மைபோல் காட்டும் இன்றைய மாதிரிக் கலை இங்கே பொருந்தாது. பளபளப்பான வண்ணமும் நேரான கோடுகளும் கொண்ட பழைய சிப்பாய்களுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த கப்பலை வைத்தால், இரண்டில் ஒன்று அந்நியமாகிவிடும். மரத்தின் இழை தெரியாதபடி பட்டி பூசி, உப்புத்தாளால் மூன்று முறை தேய்த்து, உடலுக்குக் கறுப்பும் மேல்தளங்களுக்கு வெள்ளையும் புகைபோக்கிக்குச் சிவப்பும் கொடுத்து, இறுதியில் பளபளப்பு வார்னிஷ் அடித்தேன். கடைசிப் பூச்சு காய்ந்தபோது அது மரம் என்பதே மறந்து, தகரம்போல் தோன்றியது.

சிப்பாய்களை ஏற்றிப் பார்ப்பதுதான் இத்தகைய தொகுப்புக்கு முடிவான தேர்வு, அதில் இது முழுமையாகத் தேறுகிறது. கப்பலின் நீளத்தைச் சுருக்கியவர் கதவின் உயரத்தையும் கிராதியின் உயரத்தையும் சுருக்கவில்லை. கதவுகள் 60 மில்லிமீட்டர். கிராதி சிப்பாயின் இடுப்புக்குச் சற்று மேலே நிற்கிறது. அறைச் சுவருக்கும் கிராதிக்கும் இடையே, பீடத்தோடு நிற்கும் சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடியே திரும்ப இடமிருக்கிறது. முன்தளத்தில் இருவர் இருவராக எட்டுப் பேர் நிற்கிறார்கள். மேல்தளம் கழற்றக்கூடியதாக இருப்பதால் கீழே வைத்தவர்களை எடுக்க விரல்களை நுழைத்துத் தவிக்க வேண்டியதில்லை. கிராதித் தூண்கள் மட்டும் மிக மெலிந்தவை. இரண்டு முறிந்துவிட்டதால் எல்லாவற்றையும் பித்தளைக் கம்பிக்கு மாற்றிவிட்டேன்.

குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லாத, ஆனால் முதல் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மரமும் ஒட்டுப்பலகையின் பிசினும், தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையும் அமில ஆவிகளை வெளிவிடுபவை. மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கினால், ஈயத்தின் மேல் வெண்ணிறப் பொடி பூத்து, சிப்பாய் மெல்ல மெல்ல அரிக்கப்படத் தொடங்கும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய மரக் கப்பல் மாதிரிகளில் ஈயத்தால் செய்த நங்கூரங்களும் பீரங்கிகளும் இப்படித்தான் அழிந்திருக்கின்றன. உட்புறம், அடிப்புறம், கண்ணில் படாத மூலைகள் என எல்லா மரப்பரப்பையும் அக்ரிலிக் பூச்சால் மூட வேண்டும். அதுவும் ஆவியைக் குறைக்குமே தவிர நிறுத்தாது என்பதால் காற்றோட்டமும் வேண்டும். நான் கப்பலைக் கட்டி முடித்து ஆறு வாரம் திறந்த அறையில் வைத்த பிறகே சிப்பாய்களை ஏற்றினேன்; இப்போதும் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன். வெண்பொடி தென்பட்டால் ஊதவோ வெறுங்கையால் துடைக்கவோ கூடாது, அது நஞ்சு.

பழைய ஈய வார்ப்புகளை வைத்திருப்பவர்கள் இந்த முன்னேற்பாட்டுக்கு நேரம் ஒதுக்க முடியுமானால் மட்டுமே மரத் தொகுப்பை வாங்கலாம். பிளாஸ்டிக் சிப்பாய்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. முன்பின் மரவேலை செய்யாதவர்கள் முதலில் சிறிய படகு ஒன்றைக் கட்டிப் பழகிவிட்டு இதற்கு வருவது நல்லது, ஏனெனில் பக்கப்பலகையை வளைக்கும் இடத்தில் பலர் மனம் தளர்ந்துவிடக்கூடும். மற்றவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஐராவதிக் கப்பல்களோடு சேர்ந்தே போன தட்டைச் சரக்குப் படகு ஒன்றையும் அதே பட்டறை தனித் தொகுப்பாக விற்கிறது. இழைத் திசையைப் பார்த்துப் பலகைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும்படி கேட்டு, அதற்கும் எழுதியிருக்கிறேன்.