“ஆபரேஷன் இல்லாமல் எடைக்குறைப்பு” என்று வேலூரில் நான் ஏமாந்த கதை: சேரும் முன் படியுங்கள்

நான் சத்துவாச்சாரியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை. 2024 மார்ச் மாதம் வேலூர் நகரிலுள்ள ஓர் எடைக்குறைப்பு நிலையத்தில் சேர்ந்து 54,000 ரூபாயை இழந்தேன். அந்தப் பணத்தைவிடப் பெரிய இழப்பாக, மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரு நாள் படுக்கும்படி ஆயிற்று. என் புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் என்னை ஏமாற்றிய முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன், ஏனென்றால் என் நாத்தனாருக்கு ராணிப்பேட்டையில் வேறொரு பெயர்ப்பலகையின் கீழ் ஏறக்குறைய இதேதான் நடந்தது.

அப்போது எனக்கு வயது 47, உயரம் 154 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிட்டு வந்தேன். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) 25-ஐத் தாண்டினாலே உடல்பருமன் என்று கொள்கிறார்கள். எனக்கு அது 34-க்கும் மேல் இருந்தது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தினால் மெல்லக் குறைக்கலாம் என்றும், அது போதாவிட்டால் இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சையையும் யோசிக்கலாம் என்றும் சொன்னார். அவர் அவசரப்படுத்தவில்லை. ஆனால் ‘அறுவைச் சிகிச்சை’ என்ற சொல் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அந்த அச்சத்தோடு இருந்தபோதுதான் செய்தித்தாளுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டு கண்ணில் பட்டது: “ஆபரேஷன் இல்லை, பட்டினி இல்லை, 60 நாளில் 12 கிலோ, மீண்டும் ஏறாது என்பதற்கு எழுத்துப்பூர்வ உத்தரவாதம்.”

பள்ளி முடிந்து மாலை ஆறரை மணிக்கு நேராக அங்கே போனேன். வெள்ளை மேலங்கி அணிந்த இளம்பெண் வரவேற்றார். அவர் மருத்துவரோ உணவியல் பட்டம் பெற்றவரோ அல்லர் என்பது பின்னால்தான் தெரிந்தது. “வயித்தைக் கிழிச்சுக்கிட்டு எதுக்கு மேடம் கஷ்டப்படணும்? உங்க வயசுல எத்தனை பேரு எங்ககிட்ட இளைச்சுட்டுப் போயிருக்காங்க தெரியுமா?” என்று கேட்டபடியே எடைப்பொறியில் ஏற்றினார். காலணியைக் கழற்றச் சொன்னவர், விடைத்தாள் கட்டு இருந்த கைப்பையைத் தோளிலிருந்து இறக்கச் சொல்லவில்லை. பொறி 84.7 கிலோ என்று காட்டியது. அதையே அட்டையில் ‘தொடக்க எடை’ என்று எழுதினார். பத்து நாளுக்கு முன் மருத்துவமனைப் பொறியில் 82 என்று பார்த்திருந்தும், பத்து நாளில் இப்படி ஏறிவிட்டதே என்ற பதற்றத்தில் என் புத்தி வேலை செய்யவில்லை. அடுத்து ஒரு கருவியின் பிடிகளைக் கையில் கொடுத்து, உள்ளே இவ்வளவு கொழுப்பு, உங்கள் உடலின் வயது 63 என்று ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். உடலுக்குள் சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்தி அதன் தடையை வைத்துக் கணக்கிடும் கருவி அது. நாம் குடித்த தண்ணீர், சாப்பிட்ட நேரம், வியர்வை ஆகியவற்றைப் பொறுத்தே அதன் எண் மாறும் என்பதை எவரும் சொல்லவில்லை.

இனி ஒரு விவரத்தைக் கவனியுங்கள். தொடக்க எடை மாலையில், உண்ட வயிற்றோடு, பையோடு எடுக்கப்பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் காலை ஆறரை மணிக்கு, வெறும் வயிற்றில், இடுப்பைச் சுற்றிச் சூடான பட்டையைக் கட்டி நாற்பது நிமிடம் வியர்க்கவைத்த பிறகு, அவர்கள் கொடுத்த மெல்லிய அங்கியோடு எடுக்கப்பட்டது. முதல் வாரம் முடிந்தபோது அட்டையில் 3.8 கிலோ குறைந்திருந்தது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நானும் கண் கலங்கினேன்.

அந்த 3.8 கிலோவைப் பின்னாளில் மருத்துவமனை உணவியல் நிபுணர் எனக்குக் கணக்கிட்டுக் காட்டினார். உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய, செலவுக்கும் வரவுக்கும் இடையே ஏறத்தாழ 7,700 கலோரி பள்ளம் விழவேண்டும். 3.8 கிலோவுக்கு 29,000-க்கும் மேல்; ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 4,000-க்கும் அதிகம். என்னைப் போன்ற ஒரு பெண்ணின் உடல் நாள் முழுவதும் செலவிடுவதே சுமார் 2,000 கலோரிதான் என்பதால், ஏழு நாளும் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் இருந்திருந்தாலும் அவ்வளவு கொழுப்பு கரைந்திருக்க வழியில்லை. கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தியதும் அந்த நீர் வெளியேறுகிறது. அதையும், வியர்வையையும், முதல் நாள் கைப்பையையும் சேர்த்துத்தான் ‘கொழுப்புக் கரைந்தது’ என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

துண்டுச்சீட்டில் பட்டினி இல்லை என்றிருந்தது. உண்மையில் காலையில் வெந்நீரில் கலக்கிய பழுப்பு நிறப் பொடி, நண்பகலில் சுரைக்காய் சூப்பும் இரண்டு வெள்ளரிக்காயும், இரவில் ஓர் இட்லி, மீண்டும் அதே பொடி. எல்லாம் சேர்ந்து 500 கலோரியைத் தாண்டாது. பொடி வந்த பொட்டலத்தில் தயாரித்தவர் பெயர், உரிம எண், உட்பொருள் பட்டியல், தேதி எதுவுமே இல்லை. “மூலிகைதான் மேடம், பக்கவிளைவே கிடையாது” என்றார்கள். சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டபோது, அதை வழக்கம்போல் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் கொள்வீர்களானால் இதைக் கொள்ளுங்கள்: கிளிமெபிரைடு போன்ற மாத்திரை, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, அது கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். மாத்திரையைக் குறைக்காமல் உணவை மட்டும் இப்படி வெட்டினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரியும்.

எனக்கு அதுதான் நேர்ந்தது. மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது, உடலெல்லாம் வியர்த்து ஊற்றியது, எதிரே நின்ற கடைக்காரர் பேசுவது எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னைத் தாங்கிப் பிடித்தார். பக்கத்து மருந்துக்கடையில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 48. அந்த அம்மாவே சர்க்கரை அள்ளிப் போட்ட தேநீரைக் குடிக்கவைத்து, ஆட்டோவில் ஏற்றி, என் கணவர் வரும்வரை மருத்துவமனையில் உடனிருந்தார். அவரை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

அவசரப் பிரிவில் இரத்தத்தில் பொட்டாசியம் 2.9 என்று வந்தது, 3.5-க்குக் கீழே போகக்கூடாது. இரண்டு வாரமாக இரவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்ததற்கும் நெஞ்சு படபடத்ததற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. பட்டினியும் வியர்வையும் ஒரு பங்கு காரணமாக இருக்கலாம் என்ற மருத்துவர், பொடியில் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மருந்து கலந்திருக்கிறதோ என்ற ஐயத்தையும் சொல்லி, அதை உடனே நிறுத்தச் சொன்னார். அந்தப் பொடி இதுவரை ஆய்வகத்துக்குப் போகவில்லை. ஆகவே அதில் இன்னதுதான் இருந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மூலிகை என்ற பெயரில் விற்ற எடைக்குறைப்புப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் பசியை அடக்கும் சிபுட்ரமின் என்ற மருந்தைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. மாரடைப்பு, பக்கவாத அபாயத்துக்காக அம்மருந்து இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. பெயரில்லாப் பொட்டலத்தை வாயில் போடுவது எத்தகைய செயல் என்பதை நான் காலந்தாழ்ந்து உணர்ந்தேன்.

அறுபதாம் நாள் அட்டையை முடித்துக் கொடுத்தார்கள்: 72.9 கிலோ, ‘11.8 கிலோ குறைப்பு’. மூன்று நாள் கழித்து மருத்துவமனைப் பொறியில் 75.1. உணவு சீரானதும் எடை ஏறத் தொடங்கியது, ஆகஸ்டில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது, டிசம்பரில் 83.5 கிலோ. இதற்கு என் வாய்க்கட்டுப்பாடின்மைதான் காரணம் என்று நிலையத்தில் சொன்னார்கள். நானும் பல வாரம் அப்படியே நம்பிக் கூனிக்குறுகினேன். அது உண்மையல்ல. வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றல் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, நிறைவைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. இழந்ததை மீட்க உடலே முயல்கிறது. இந்தக் காரணத்தால்தான் எடையைக் குறைப்பதைக் காட்டிலும் குறைத்ததைக் காப்பது கடினமாக இருக்கிறது. ‘மீண்டும் ஏறாது’ என்று எவரும் எழுதிக் கொடுக்க முடியாத இடமும் இதுவேதான்.

அந்த ‘எழுத்துப்பூர்வ உத்தரவாதத்தை’ அப்போதுதான் கையில் எடுத்து முழுமையாகப் படித்தேன். மாதம் 3,500 ரூபாய் கட்டிப் ‘பராமரிப்புத் திட்டத்தில்’ தொடர்ந்து இருந்தால் மட்டுமே அது செல்லும். ஒரு வருகை தவறினாலும் செல்லாது. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது. எறும்பளவு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பணத்தின் கதை இன்னும் மோசம். சேர்ந்த அன்று ரொக்கமாக 6,000 கொடுத்தேன். மீதி 48,000-ஐ ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லி, ஆதார், பான் எண்களை வாங்கி, என் கைப்பேசிக்கு வந்த ஓடிபியை அவர்களே கேட்டுத் தட்டினார்கள். நிலையத்துக்கு மாதம் 4,000 கட்டுகிறேன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் ஒரு நிதி நிறுவனத்திடம் என் பெயரில் கடன் எடுத்து, முழுத்தொகையையும் அன்றே அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். நான் மே மாதமே விலகிவிட்டேன். தவணையோ அடுத்த மார்ச் வரை வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தினால் கடன் மதிப்பெண் கெடும் என்பதால் நிறுத்தவும் முடியவில்லை. ஆகவே இத்தகைய இடத்தில் ஓடிபியைச் சொல்லாதீர்கள். கட்டாயம் பணம் கட்டவேண்டுமென்றால் மாதாமாதம் மட்டும் கட்டுங்கள்.

பணத்தைக் கேட்டபோது, ஜிஎஸ்டி எண் இல்லாத இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. முறையான ரசீது தர மறுப்பதும், குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்தேன்; பதில் வராததால், பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, வேலூர் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுத்தேன். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். உடல்பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே, மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட ஒன்று. அந்தப் பட்டியலில் உடல்பருமன் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அதனால் துண்டுச்சீட்டையும் மனுவோடு இணைத்தேன்.

இப்போது அதே நிலையத்தின் பலகையில் ‘இளைக்கும் ஊசி’ என்ற வரியும் சேர்ந்திருக்கிறது. டிர்செபடைடு, செமாகுளுடைடு ஊசிகள் 2025-இல் எடைக்குறைப்புக்காக இந்தியாவில் விற்பனைக்கு வந்தது உண்மை. அவை எடையைக் குறைப்பதும் உண்மை. ஆனால் அவை மருத்துவர் பரிந்துரைத்துக் கண்காணிக்க வேண்டிய மருந்துகள். செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. வரவேற்பு மேசையில் ‘பத்து ஊசி, ஒரே விலை’ என்று பேசுபவரிடம் கையை நீட்டாதீர்கள்.

2025 ஜனவரியில் மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பது. மாத்திரையை முதலில் மருத்துவர் மாற்றி அமைத்தார். இலக்கு ஓராண்டில் 7 விழுக்காடு, எனக்கு ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்கள் அதே 7 விழுக்காட்டையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தே நீரிழிவு வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தார்கள் என்று அவர் விளக்கினார். நோய் வந்துவிட்ட எனக்கும் அந்த அளவே முதல் படி என்றார். சோறு ஒரு கரண்டி, அதற்கு இரண்டு பங்கு காயும் கீரைக் கடையலும், தினமும் பயறோ முட்டையோ, ஞாயிறன்று பிரியாணி உண்டு ஆனால் ஒரு தட்டு. காலையில் கோட்டை அகழியை ஒட்டி நாற்பது நிமிட நடை. வாரம் இருமுறை தசைக்கான பயிற்சி. கட்டணம் ஒவ்வொரு முறையும் சில நூறு ரூபாய். ஓராண்டு முடிவில் 77.6 கிலோ, அதன்பிறகு 77-க்கும் 78-க்கும் இடையே நிற்கிறது. வாரம் ஒருமுறை ஒரே பொறியில், ஒரே நேரத்தில் பார்க்கிறேன். இரண்டு கிலோ ஏறினால் காத்திராமல் அவரிடம் போகிறேன்.

அந்த நிலையத்தின் பொட்டலங்களில் நான்கு இன்னும் பிரிக்காமல் என்னிடம் இருக்கின்றன. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பதால், அவற்றை ஒரு உறையிலிட்டு, வாங்கிய தேதியை எழுதி, பூட்டி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படிப் பெயரில்லாத பொட்டலம் இருந்தால் இன்றே சாப்பிடுவதை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சீட்டு, அட்டை, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அதனோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.