வளைபரப்பை எழுத நான்கு வழிகள்: பலகோணம், கூன்ஸ், பெஸியே, பி-ஸ்பிளைன்

கணினித் திரையில் வளைந்த பொருளை வரைவதற்கு மிக எளிய வழி, அதைத் தட்டையான பலகோணங்களாக நறுக்குவதாகும். யூட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்றி கூரோ 1971-இல், முனைகளில் ஒளியளவைக் கணக்கிட்டு இடைப்பட்ட பகுதியில் அதைச் சீராகப் பரப்பும் முறையைத் தந்தபின், அந்த முகங்கள் வழவழப்பாகத் தோன்றின. ஆயினும் திருத்தம் பெற்றது நிறம் மட்டுமே. பொருளின் வெளிக்கோட்டில் மூலைகள் துருத்திக்கொண்டே நிற்கும்.

எம்.ஐ.டி.யின் ஸ்டீவன் கூன்ஸ் 1967-இல் வெளியிட்ட முறையில், நான்கு எல்லை வளைகோடுகளைக் கொடுத்தால் நடுப்பரப்பைச் சமன்பாடே நிரப்பிவிடும். எல்லைக்கோடுகளை முன்பே வரைந்து வைத்திருப்பவருக்கு இது இயல்பான வழி. ஆனால் முப்படி (மூன்றாம் படிச் சமன்பாட்டு) வடிவில் மூலைகளுக்கு, பரப்பு அங்கே எப்படி முறுகுகிறது என்பதைக் குறிக்கும் முறுக்குத் திசையன்களும் தேவைப்படுகின்றன. அவற்றை எந்த வடிவமைப்பாளரும் கண்ணால் ஊகிக்க முடியாது. சுழியமாக விட்டுவிட்டால் மூலையருகே பரப்பு தட்டையாகிவிடும்.

பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோவில் பியேர் பெஸியே வளர்த்தெடுத்த முறையை நான் மேலாகக் கருதுவது இந்தக் காரணத்தால்தான். பரப்பைத் துண்டு துண்டாக அமைக்கும் இம்முறையில், முப்படித் துண்டு ஒன்றுக்கு, அதன் வடிவை ஆளும் 16 கட்டுப்பாட்டுப் புள்ளிகள். மூலைப்புள்ளிகள் நான்கும் பரப்பின்மேல் அமைய, மற்றவை அதைத் தம் பக்கம் இழுக்கின்றன. முறுக்கு என்ற அருவமான அளவுகூட இங்கே உள்ளிருக்கும் நான்கு புள்ளிகளின் இருப்பிடமாக மாறிவிடுவதால், கை நகர்த்துவதைக் கண் புரிந்துகொள்கிறது. 1975-இல் யூட்டாவில் மார்ட்டின் நியூவெல் உருவாக்கிய புகழ்பெற்ற தேநீர்க்குடுவை, அடிப்பாகம் இல்லாத மூல வடிவில், இத்தகைய 28 துண்டுகளால் ஆனது. இதன் குறை தையலில் இருக்கிறது: அடுத்தடுத்த துண்டுகள் வழவழப்பாக இணைய வேண்டுமானால், பொது விளிம்பின் இருபுறமும் உள்ள புள்ளிகளை நாமே ஒழுங்காக நேர்ப்படுத்த வேண்டும், ஒன்றை மட்டும் நகர்த்தினால் மடிப்பு விழும்.

ரிச்சர்ட் ரீசன்ஃபெல்டு 1970-களின் தொடக்கத்தில் வடிவமைப்புக்குக் கொண்டுவந்த பி-ஸ்பிளைன், அதாவது பல துண்டுகளை ஒரே கட்டுப்பாட்டுப் புள்ளி வலையால் ஆளும் முறை, அந்தச் சுமையை நீக்குகிறது. சீரான முப்படிப் பரப்பில் வளைவின் தொடர்ச்சி தானாகவே காக்கப்படும். ஒரு புள்ளியை நகர்த்தினால் சுற்றியுள்ள 16 துண்டுகளுக்கு அப்பால் எதுவும் அசையாது. பரப்பு பொதுவாகக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் தொடாது என்பதே இதற்கான விலை. காரின் மேற்கூரை போன்ற நீண்ட பரப்புக்கு இந்த விலையை நான் தயங்காமல் கொடுப்பேன். குடுவையின் மூக்குக்குக் கொடுக்கமாட்டேன்.

திரையில் காட்டுவதில் பலகோணங்களே நெடுநாள் மலிவாக இருந்தன. எட்வின் கேட்மல் 1974-இல், முப்படித் துண்டை நான்காகப் பிளந்து, ஒவ்வொன்றும் ஒரு பிக்சல் அளவுக்குச் சுருங்கும்வரை தொடர்ந்து பிளந்து, பலகோணங்களின் துணையின்றியே வரைந்து காட்டினார். வெளிக்கோடும் உண்மையாகவே வளைந்து வந்தது. கணக்கீட்டு நேரம்தான் மிகுதி. சதுரக் கட்டங்களாக ஒழுங்குபடாத கட்டுப்பாட்டுப் புள்ளி வலைகள் மட்டும் தீர்வின்றி எஞ்சின. அவற்றுக்கு அவரும் ஜிம் கிளார்க்கும் 1978-இல் தந்த, வலையை மீண்டும் மீண்டும் சிறிதாகப் பிளக்கும் உட்பிரிப்பு முறை, பி-ஸ்பிளைனின் வழவழப்பைப் பெரும்பகுதியில் அப்படியே தக்கவைத்துக்கொண்டது.