வீட்டுக்கு வந்து இணைய வேகத்தைச் சரிபார்க்கும் சேவை: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு திருமலை வீதியிலுள்ள சிறிய கணினி திருத்தும் கடையொன்று, மடிக்கணினிக்குத் திரை மாற்றுவது, அச்சுப்பொறிக்கு மை நிரப்புவது போன்ற வழக்கமான வேலைகளோடு, வீட்டுக்கு வந்து இணைய இணைப்பைப் பார்த்துக் கொடுக்கும் வேலையையும் செய்துவருகிறது. நகரில் இந்த வேலைக்கு ஆள் பிடிப்பது இலகுவல்ல என்பதால், கல்லடியிலுள்ள எங்கள் வீட்டில் அவர்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகன், இணைய வேகத்தைக் கூட்டும் வழி என்று சொல்லும் காணொளியொன்றைப் பார்த்து, என் மகளின் மேசைக் கணினியில் வலையமைப்பு அமைப்புகள் சிலவற்றை மாற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அதன் பிறகு, வெளிநாட்டுத் தளமொன்றிலிருந்து அவள் தரவிறக்கும் விரிவுரைப் பதிவுகள் ஆமை வேகத்தில் இறங்கத் தொடங்கின. வேடிக்கை என்னவென்றால், அதே கணினியில் யூரியூப் தடங்கலின்றி ஓடியது. வேகச் சோதனைத் தளமும் எங்கள் பைபர் பொதிக்குரிய வேகத்தை ஏறத்தாழ முழுமையாகவே காட்டியது. இணைப்பு வழங்கும் நிறுவனத்தை அழைத்தபோது, ரவுட்டரை நிறுத்திப் போடச் சொன்னார்கள். வேகச் சோதனை சரியாக இருப்பதால் தங்கள் பக்கத்தில் பிழையில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். பிழை அவர்கள் பக்கம் இல்லை என்பது பின்னர் உறுதியானாலும், வேகச் சோதனையை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வந்த முறை எனக்கு உடன்பாடில்லை.

கடையிலிருந்து வந்த இளைஞர் எடுத்த எடுப்பில் கணினியைத் தொடவில்லை என்பதே எனக்குப் பிடித்த முதல் விடயம். "ரீச்சர், போனிலயும் இப்பிடித்தான் கிடக்கா?" என்று கேட்டு, என் கைபேசியை அதே ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, அதே பதிவைத் தரவிறக்கிப் பார்த்தார். வைஃபையில் இருந்த கைபேசியில் அது விரைவாக இறங்கியது; கேபிளில் நேரடியாக இணைந்திருந்த கணினியில் இழுத்துக்கொண்டே நின்றது. ரவுட்டரும் வெளி இணைப்பும் சந்தேகத்திலிருந்து விடுபட, கணினி மட்டுமே மிஞ்சியது.

பிறகு கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, வலையமைப்பு அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் நெட்ஷ் கட்டளையால், இணையத்தில் தரவு அனுப்பிப் பெறும் நெறிமுறையான (விதிமுறைத் தொகுதியான) டீசீபீயின் பொது அமைப்புகளைக் காட்டச் செய்தார். அந்தப் பட்டியலில் 'ரிசீவ் விண்டோ ஓட்டோ டியூனிங் லெவல்' என்ற வரிக்கு எதிரே 'டிஸ்ஏபிள்ட்', அதாவது நிறுத்தப்பட்டது, என்றிருந்தது. கோளாறு அங்கேதான். டீசீபீ இணைப்பில், அனுப்புகின்ற சேர்வர் ஓரளவு தரவை அனுப்பிவிட்டு, அது வந்துசேர்ந்தது என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். பதிலுக்கு முன் எவ்வளவு அனுப்பலாம் என்பதைப் பெறுகின்ற கணினியே அறிவிக்கிறது. அந்த அறிவிப்புக்கு ஒதுக்கப்பட்ட இடம் 16 பிட் மட்டுமே என்பதால், கூடுதல் ஏற்பாடு இல்லாதவிடத்து 65,535 பைட்டுக்கு மேல் போக முடியாது. அந்த எல்லையைத் தேவைக்கேற்ப விரிக்கும் ஓட்டோ டியூனிங் வேலையை, 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல் விண்டோஸ் தானாகவே செய்கிறது. அதை நிறுத்தினால், தரவு போய்வர 200 மில்லி செக்கன் எடுக்கும் தூரத்துச் சேர்வரிலிருந்து ஓர் இணைப்பு வழியாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 2.6 மெகாபிட் மட்டுமே வரும். பொதி 100 மெகாபிட்டாக இருந்தாலும் அதுவே கதி. 600 மெகாபைட் அளவுள்ள விரிவுரையொன்று இறங்க அரை மணித்தியாலம் போவதன் காரணம் இதுதான்.

வேகச் சோதனை தொடர்புகொள்ளும் கொழும்பிலுள்ள சேர்வருக்குத் தரவு மிகக் குறுகிய நேரத்தில் போய்வருவதாலும், வேகச் சோதனை ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறப்பதாலும், இந்தக் குறை அங்கே வெளியே தெரியவில்லை. யூரியூப் பெரும்பாலும் குவிக் என்ற வேறொரு நெறிமுறையில் இயங்குவதால், டீசீபீ அமைப்பு அதைத் தீண்டவே இல்லை. சில பழைய ரவுட்டர்கள் இந்த விரிவாக்கத்தைச் சரியாகக் கையாளாத காலத்தில் பிறந்த, அதை நிறுத்தச் சொல்லும் ஆலோசனை, அந்த ரவுட்டர்கள் மறைந்த பிறகும் காணொளிகளில் உலாவுகிறது என்று அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி.

அமைப்பை 'நோர்மல்' நிலைக்கு மாற்றியதும் வேகம் திரும்பியது. டீஎன்எஸ் முகவரியும் மாற்றப்பட்டிருந்தது. அது தளத்தின் பெயருக்குரிய இணைய முகவரியைத் தேடித் தரும் வேலையோடு நின்றுவிடும், தரவிறக்கத்தை இந்த அளவுக்கு இழுத்துப்பிடிக்காது என்று விளக்கினார்; ஆனாலும் சில வேளைகளில் அருகிலுள்ள சேர்வருக்குப் பதிலாகத் தூரத்துச் சேர்வருக்கு அனுப்பிவிடக் கூடும் என்பதால், எங்கள் சம்மதத்தோடு தானியங்கி நிலைக்கு மீட்டார். வலையமைப்பு அட்டையின் வேக அமைப்பு மாறாமல் இருந்தது நல்ல காலம்.

இந்த இடத்தில் பலர் விண்டோஸிலுள்ள 'நெட்வேர்க் ரீசெட்' பொத்தானை அழுத்திவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். அது வலையமைப்பு அட்டைகளைக் கழற்றி மீண்டும் நிறுவும். சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் போய்விடும். எது கெட்டிருந்தது என்பதோ கடைசிவரை தெரியவராது. இவர் அதைச் செய்யாததற்காகவே நான் இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் பேசியவர், வீட்டைப் பார்க்கும் முன்னரே, "ரவுட்டர் பழசாகியிருக்கும், புதுசொண்டு போடலாம்" என்று விற்பனையில் இறங்கினார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் ரவுட்டருக்குக் கொடுத்த காசு வீணாகியிருக்கும். காலையில் வருவதாகச் சொன்னவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே வந்தார்கள். தாமதமாகும் என்று ஓர் அழைப்புகூட வரவில்லை. 2,000 ரூபாய் கட்டணம் வேலைக்கு ஏற்றதே என்றாலும், பற்றுச்சீட்டில் 'நெட் வேலை' என்று மட்டும் எழுதித் தந்தார்கள். என்னென்ன அமைப்புகள் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாற்றப்பட்டன என்று நான் கேட்ட பிறகுதான், அந்த இளைஞர் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துத் தந்தார். அழைக்கிறவர்கள் கட்டணம் கொடுக்கும் முன் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் அப்படியொரு பதிவேடு இல்லை.