மஞ்சக்குப்பம் மாடிப் படிப்பகம்: பழைய பேப்பர் தேடுபவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடியில் இருக்கும் சின்னப் படிப்பகம் இது. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. நான் அங்கே போனது சித்தப்பாவால்தான். குவைத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவர், ஈராக் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "பேரழிவு ஆயுதம் இல்லைன்னு எவன் சொன்னான்? கிடைச்சது, நானே பேப்பர்ல படிச்சேன்" என்று ஆரம்பித்துவிடுவார். 2003-ல் ஈராக் மேல் படையெடுக்க அமெரிக்கா சொன்ன காரணம் அதுதான்: அதிபர் சதாம் ரசாயன, கிருமி ஆயுதங்களை ஒளித்து வைத்திருக்கிறார் என்று. போனில் தேடிக் காட்டினால் அதில் எவனும் எதையும் எழுதலாம் என்பார். சரி, பேப்பரிலேயே பார்த்துவிடுவோம் என்று வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

ஒரு நாளைக்கு 20 ரூபாய். தினசரிகளை மாதவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், தேதி சொன்னால் அங்கிருக்கும் பெரியவர் எடுத்துத் தருவார். விஷயத்தைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது, அதனால் தேதிகளை வீட்டிலேயே குறித்துக்கொண்டு போங்கள்.

2003 பிப்ரவரி கட்டில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி இத்தனூண்டு போதும் என்று ஐ.நா.வில் குப்பியைத் தூக்கிக் காட்டுகிறார். மே கடைசியில் கிருமி ஆயுதம் செய்யும் டிரெய்லர்கள் கிடைத்துவிட்டதாக அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. சொன்ன செய்தி. சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் படித்தது பொய்யில்லை, அதற்கப்புறம் வந்ததைத்தான் படிக்கவில்லை. 2004 அக்டோபர் கட்டில், ஈராக்கில் ஆயுதம் தேடிய அமெரிக்கக் குழுவின் டூல்ஃபர் அறிக்கை: ஆயுதக் கையிருப்பு இல்லை, அந்த டிரெய்லர்கள் பலூனுக்கு ஹைட்ரஜன் தயாரிக்கத்தான்.

2006 ஜூனில், சுமார் 500 ரசாயனக் குண்டுகள் கிடைத்ததாக அமெரிக்க செனட்டர் சான்டோரம் சொன்னது வந்திருக்கிறது. "இதாம்பா!" என்று மேசையைத் தட்டினார், பெரியவர் முறைத்தார். நாலு பத்தி தள்ளிப் படித்தால், அவை 1991-க்கு முந்தைய, வீரியம் போன சரக்கு. 2008 ஜூலையில் ஈராக்கிலிருந்து கனடாவுக்குப் போன 550 டன் யுரேனியப் பொடியும் இதே கதை. சர்வதேச அணுசக்தி முகமை முன்பே கணக்கெடுத்து சீல் வைத்திருந்த சரக்கு, யாரும் தோண்டி எடுக்கவில்லை. போனில் தேடினால் முதல் நாள் தலைப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. இங்கே மறுநாளும் மறுமாதமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, 20 ரூபாய் அதற்கே தகும்.

குறை என்றால், 2004 ஜனவரி கட்டு. ஆயுதம் தேடப்போன அதே குழுவுக்கு முதலில் தலைவராக இருந்த டேவிட் கே, நாங்கள் நினைத்தது தவறு என்று செனட் குழு முன் ஒப்புக்கொண்ட நாளின் பக்கத்தை யாரோ பிளேடால் அறுத்திருக்கிறார்கள். பின்பக்கம் கிரிக்கெட் படமாக இருந்திருக்கும், இந்தியா அப்போது ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தது. மேலே ஜெராக்ஸ் கிடையாது, போனில் படம் எடுக்க விடுகிறார்கள். ஒரே மின்விசிறி, தும்மலுக்குப் பஞ்சமில்லை, கைக்குட்டை அவசியம். ஞாயிறு விடுமுறை.

கீழே இறங்கும்போது சித்தப்பா சொன்னார்: "சரி, பழசுதான். ஆனா கிடைச்சதா இல்லையா?" நான் பதில் சொல்வதற்குள் திரும்பப் படியேறிப் போய், சதாம் குவைத்துக்குள் நுழைந்த 1990 ஆகஸ்ட் கட்டு இருக்கிறதா என்று பெரியவரிடம் கேட்டார். இருந்தது. அன்றைக்கு நான் தனியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.