கீச்சுன்னு கத்துற பிரேக்குக்கு எந்த பேட் போடலாம்? ஆர்கானிக், செமி மெட்டாலிக், செராமிக்

சென்னையில உதிரி பாகம் விக்கிற புதுப்பேட்டையோ ஜிபி ரோடோ, கடையில போய் பிரேக் சத்தம் போடுதுன்னு சொன்னா ரெண்டு மூணு விதமான பேட்ட, அதாவது சக்கரத்தோட சுத்துற டிஸ்க்க ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற கட்டைய, எடுத்து முன்னாடி வைப்பாங்க. காசு குடுக்குறதுக்கு முன்னாடி, சத்தம் பிரேக்குல இருந்துதான் வருதான்னு பாத்துடுங்க. மிதிச்சா மட்டும் கீச்சுன்னா பேட் பக்கம். மிதிக்காமலே, மெட்ரோ வேலைக்கு ஒடச்சுப் போட்ட ரோட்டுல மெதுவா உருட்டுறப்ப லொட லொடன்னா பெரும்பாலும் லிங்க் ராடு, ஸ்பீடு பிரேக்கர் ஏறி எறங்குறப்ப முனகுனா லோயர் ஆர்ம் புஷ், நின்ன வண்டியில ஸ்டீயரிங்க திருப்புனா டொங்குன்னா ஸ்ட்ரட் மவுண்ட், இந்த மூணும் சஸ்பென்ஷன் பாகம், பிரேக் இல்ல. குழியில கடகடங்குறப்ப பிரேக்க லேசா தொட்டுப் பாருங்க, சத்தம் நின்னா பேட்டோ, அத டிஸ்க் மேல அழுத்துற காலிப்பரோ லூசா ஆடுது.

சரி, பேட்தான்னு ஆயிடுச்சு. ஆர்கானிக்னா நாரு, ரப்பர், ரெசின்லாம் சேத்து செய்றது, மெத்துன்னு இருக்கும், சத்தம் கம்மி, டிஸ்க்கயும் அவ்வளவா தின்னாது, ஆனா சீக்கிரம் தேயும், ரொம்ப சூடானா பிடிப்பு கொறையும். செமி மெட்டாலிக்ல இரும்பு, செம்புன்னு உலோகம் நெறைய, அதனால சூட்ட நல்லா தாங்கும், கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுல ஃபுல் லோடோட எறங்குறவங்களுக்கு நான் இததான் சொல்லுவேன். ஆனா மூணுல அதிகமா கத்துறதும் டிஸ்க்க அதிகமா தேய்க்கிறதும் இதேதான், சத்தத்துக்கு பயந்து பேட் மாத்துறவங்க இத வாங்குறதுல அர்த்தமே இல்ல. செராமிக் அமைதி, அலாய் வீல்ல கரி தூள் அவ்வளவா படியாது, விலைதான் அதிகம். கிண்டி, ஓஎம்ஆர்னு சிக்னலுக்கு சிக்னல் நின்னு போற சின்ன காருக்கு கம்பெனி போட்டுக் குடுத்த அதே ரக பேட் தாராளமா போதும், கையில காசு இருந்தா செராமிக்.

ஆனா எத வாங்குனாலும் காலிப்பர் நகர்றதுக்கு வழி விடுற பின்ன (ஸ்லைடு பின்) கழட்டிப் பாக்காம மாட்ட விடாதீங்க, இது ரொம்ப முக்கியம். வீல கழட்டுனதும் உள் பேட்டயும் வெளி பேட்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒண்ணு தடியாவும் இன்னொண்ணு தகடாவும் இருந்தா பின் எறுகிப் போச்சுன்னு சந்தேகப்படணும். பழைய கிரீஸ் கறுத்து கெட்டியாகி கையால தள்ளுனா நகரவே நகராது. அத சுத்தமா தொடச்சு சிலிக்கான் கிரீஸ் வைக்கச் சொல்லுங்க, சாதா கிரீஸ் வச்சா ரப்பர் பூட் ஊதிடும். பேட் முதுகுல இருக்குற மெல்லிசு தகடு, அதான் ஷிம், அதயும் மறக்காம மாட்டச் சொல்லுங்க, அது இல்லன்னா எவ்வளவு விலை குடுத்து வாங்குன பேட்டும் கத்தலாம்.

திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் காலையில மொத ரெண்டு மூணு பிரேக்குல மட்டும் வர்ற கரகர வெறும் துருதான், விட்டுடுங்க. பேட் 3 மிமீ கிட்ட வந்துட்டா மாத்திடணும், பல வண்டியில அந்த நேரத்துல டிஸ்க்க உரசி கத்துறதுக்குன்னே ஒரு சின்ன தகடு வச்சிருப்பாங்க. அதயும் தாண்டி இரும்பு அரைக்கிற சத்தம் வந்தா வண்டிய எடுக்காதீங்க.

புது பேட் மாட்டுனதும் காலி ரோட்டுல 50 கிமீ வேகத்துல இருந்து 10க்கு நிதானமா எட்டு பத்து தடவ வேகத்த எறக்குங்க, நடுவுல முழுசா நிறுத்தி பிரேக்க அமுக்கிட்டு நிக்காதீங்க, சூட்டுல பேட் ஒரே எடத்துல டிஸ்க்ல படிஞ்சு அப்புறம் மிதிக்கிறப்பல்லாம் அதிரும்.