நானோ இன்டென்டேஷன் சேவை: கருவி நன்று, அறிக்கையைப் பார்த்துப் படியுங்கள்

மதுரைப் புறநகரில் உள்ள ஒரு சோதனைக்கூடத்தின் நானோ இன்டென்டேஷன் சேவை பற்றிய மதிப்புரை இது. மிகச் சிறிய கூர்முனையால் பொருளை அழுத்தி அதன் விறைப்பை அளப்பதுதான் நானோ இன்டென்டேஷன். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியா என்று படலம் வளர்க்கும் ஆராய்ச்சி மாணவர்கள் சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பாமல் உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளலாம். கருவியில் குறை சொல்ல எதுவுமில்லை. சிக்கல் முழுக்க அளக்கும் முறையிலும் அறிக்கையிலும்தான்.

நீங்களாக எதுவும் சொல்லாவிட்டால் படலம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 200 நானோமீட்டர் ஆழத்துக்கு அழுத்திவிடுகிறார்கள். 300 நானோமீட்டர் படலத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு. அந்த ஆழத்தில் அளக்கப்படுவதில் பெரும்பகுதி படலம் அல்ல, அதன் கீழிருக்கும் அடித்தளம்தான். துத்தநாக ஆக்சைடின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 140 ஜிகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். கண்ணாடியுடையது சுமார் 70. எனவே கண்ணாடி மேலிருக்கும் படலம் மெலிய மெலிய எண் இறங்கும். அதே படலம் சிலிக்கான் மேல் இருந்தால் எண் ஏறும். இந்த இறக்கத்தையோ ஏற்றத்தையோ 'நானோ அளவில் பரப்பின் விளைவு' என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

மெய்யான பரப்பு விளைவு எவ்வளவு இருக்கும் என்பதைப் பேனாவும் தாளும் வைத்தே போட்டுப் பார்க்கலாம். மில்லர், ஷெனாய் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் தந்த சூத்திரப்படி, பரப்பின் மீட்சி மாறிலியை (பரப்பு மட்டும் காட்டும் விறைப்பை) பொருளின் யங் குணகத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். பெரும்பாலான பொருள்களுக்கு அது 0.1 நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். தகட்டை இழுத்தால் அதன் இரு மடங்கையும், சதுரக் கம்பியை வளைத்தால் எட்டு மடங்கையும் தடிமனால் வகுத்தால் விறைப்பு எவ்வளவு பங்கு மாறும் என்பது கிடைக்கும். 300 நானோமீட்டர் தகட்டில் மாற்றம் 0.1 சதவீதத்துக்கும் கீழே. 10 நானோமீட்டர் கம்பியை வளைக்கும்போது 8 சதவீதம். குறி கூட்டலா கழித்தலா என்பது படிகத்தின் எந்த முகம் வெளியே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆக, 300 நானோமீட்டரில் 30 சதவீத மாற்றம் வந்தால் முதலில் அளவீட்டைச் சந்தேகியுங்கள்.

அடுக்குகள் சந்திக்கும் இடைமுகத்தின் கதையும் இதுதான். தங்கம்–நிக்கல் பல்லடுக்குப் படலங்களில் மீட்சிக் குணகம் இரு மடங்குக்கும் மேல் கூடியதாக 1977-இல் வெளிவந்த முடிவு பெரும் பரபரப்பைக் கிளப்பியது. பின்னாளில் கவனமாக மறுபடி அளந்தபோது அந்தப் பிரம்மாண்டம் காணாமல் போனது.

சரி, சேவைக்கு வருவோம். ஒப்படைக்கும் படிவத்தில் ஆழத்தைத் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குள் வையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். எழுதினால் அப்படியே செய்கிறார்கள். 300-க்கு 30 நானோமீட்டர். ஆனால் அவ்வளவு மேலோட்டத்தில் பெர்கோவிச் முனையின் (அழுத்தும் முப்பட்டை வைர முனையின்) கூர் கூராக இராது, உருண்டையாக இருக்கும். அதனால் அதே வாரத்தில் குணகம் தெரிந்த ஃபியூஸ்டு சிலிக்கா கண்ணாடியில் முனையைச் சரிபார்த்த கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும்; 30 நானோமீட்டர் ஆழத்திலும் அதில் 72 ஜிகாபாஸ்கல் வந்தாக வேண்டும். கேட்டால் முகம் சுளிக்காமல் பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள். கேட்காவிட்டால் கைக்கு வருவது இரண்டு பக்க பிடிஎஃப் மட்டும், அதில் சுமை–ஆழ வளைகோடு ஒன்றுகூட இல்லை!

பரப்பின் சொரசொரப்பு ஆழத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 30-க்கு 1.5 நானோமீட்டர். கரைசலிலிருந்து வளர்க்கும் சோல்-ஜெல் படலம் பெரும்பாலும் இதிலேயே தோற்றுவிடும். சாம்பிளை டபுள் சைட் டேப்பில் ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள். டேப் அமுங்குவதும் ஆழக் கணக்கில் சேர்ந்து குணகம் குறைவாக வரும். சயனோஅக்ரிலேட் பசை ஒரு துளி, மெல்லியதாக, போதும். சித்திரை வெயிலில் வண்டியில் கொண்டுவந்த சாம்பிளை உடனே ஏற்றினால் சூடு ஆற ஆற ஆழ அளவு தானே நகரும், வெப்ப நகர்வு என்பது இதுதான்: நொடிக்கு 0.1 நானோமீட்டர் என்றாலும் 30 நொடியில் 3 நானோமீட்டர், உங்கள் ஆழத்தில் பத்து சதவீதம். முதல் நாளே கொடுத்து இரவு முழுக்க ஏசி அறையில் வைக்கச் சொல்லுங்கள். இதை அவர்களே சொல்வதில்லை, இது பெரிய குறை.

நானோ கம்பிகளுக்கு ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) வளைப்புச் சோதனையும் செய்கிறார்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது. விட்டத்தின் நான்காம் அடுக்கு கணக்கில் வருவதால், விட்டத்தில் 10 சதவீதம் தவறினால் குணகத்தில் சுமார் 40 சதவீதம் தவறும். முனைகளைப் பிணைக்காமல் பள்ளத்தின் குறுக்கே சும்மா கிடத்திவிட்டு, வளைவுச் சூத்திரத்தில் இரு முனையும் இறுகிய கம்பிக்கான 192 என்ற எண்ணைப் போடுகிறார்கள். வழுக்கும் கம்பிக்கு 48 போட வேண்டும். விடை நான்கு மடங்கு மாறும். வெள்ளிக் கம்பி மேலிருக்கும் பிவிபி என்ற பாலிமர் பூச்சையும் விட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

கட்டணம் சாம்பிள் கணக்கு, புள்ளிக் கணக்கு இல்லை. வழக்கமாக 10 புள்ளிதான் வைப்பார்கள், 25 கேளுங்கள். ஒரே படலத்தைக் கண்ணாடியிலும் சிலிக்கானிலும் வளர்த்து இரண்டையும் கொடுங்கள். ஆழத்துக்கு எதிரே குணகத்தை வரைந்து, கோட்டை ஆழம் பூச்சியம் வரை நீட்டும்போது இரண்டு கோடும் ஒரே எண்ணில் சேர்ந்தால், அந்த எண்ணை ஆய்வேட்டில் போடலாம்.